வெளியுறவுப் பேராசிரியர்கள் அரசியல் ஆலோசகர் ஆவது எப்படி? திரும்பி வந்தால் வேலை இருக்குமா?

வைகைக்கரை:
அமெரிக்காவில் வெளியுறவுக் கொள்கை பாடம் எடுப்பவர்கள் தேர்தல் நேரத்தில் வேட்பாளருக்கு ஆலோசகராகிறார்கள், ஜெயித்தால் அரசுக்குள் போகிறார்கள், பிறகு பழையபடி வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களின் நிரந்தரப் பணியிடம் என்ன ஆகும்? எங்கே தொடங்குவது?

நெய்தல்:
அரசுப் பணிக்கான விடுப்பு பெரும்பாலும் 2 ஆண்டுதான். 1969-ல் அதிபர் நிக்சனிடம் ஆலோசகராகப் போன ஹார்வர்டு பேராசிரியர் கிசிஞ்சர், கெடு முடிந்தும் திரும்பாததால் 1971-ல் ஹார்வர்டு பணியை விட வேண்டியதாயிற்று. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் காண்டலீசா ரைஸ் 1989-ல் தேசியப் பாதுகாப்புக் குழுவுக்கு (வெளியுறவு, பாதுகாப்பு விஷயங்களில் அதிபருக்கு ஆலோசனை சொல்லும் குழு) போய், 1991-ல் ஸ்டான்ஃபோர்டுக்கே திரும்பிவிட்டார். 1993-ல் அங்கேயே புரோவோஸ்ட் (கல்விப் பொறுப்பைக் கவனிக்கும் உயர் நிர்வாகி). போகும் முன்பே விடுப்பு எத்தனை நாள், நீட்டிப்பு உண்டா என்று டீனிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை நிற்காது.

தமிழ்க்குடிசை:
தொடக்கத்துக்கு மேடலின் ஆல்பிரைட்டைப் பாருங்கள். 1976-ல் கொலம்பியாவில் முனைவர் பட்டம். அதே ஆண்டு செனட்டர் மஸ்கியின் அலுவலகத்தில் வேலை. 1978-ல், ஆல்பிரைட்டுக்குக் கொலம்பியாவில் பாடம் எடுத்த பேராசிரியரும் அப்போது அதிபரின் பாதுகாப்பு ஆலோசகருமான பிரெஜின்ஸ்கியே தேசியப் பாதுகாப்புக் குழுவுக்கு அழைத்து, காங்கிரஸ் தொடர்பைக் கவனிக்கச் சொன்னார். ஜார்ஜ்டவுனில் பாடம் எடுக்க வந்தது 1982-ல்தான். 1984-ல் துணை அதிபர் வேட்பாளர் ஃபெராரோவுக்கும் 1988-ல் அதிபர் வேட்பாளர் டுகாகிஸுக்கும் ஆலோசனை சொன்னார், இரண்டுமே தோல்வி. ஆனாலும் 1993-ல் ஐ.நா. தூதர், 1997-ல் வெளியுறவுச் செயலர். தோற்ற பிரசாரத்தில் உழைத்தவர்களையும் கட்சி நினைவில் வைத்திருக்கும். பதவி முடிந்ததும் ஜார்ஜ்டவுனுக்கே பாடம் எடுக்க வந்தார்.

கடல்காற்று:
சறுக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வரிவிலக்கு பெற்ற பல்கலை எந்த வேட்பாளருக்கும் பிரசாரம் செய்யக் கூடாது. ஆகவே வேட்பாளருக்கான குறிப்பைப் பல்கலை மின்னஞ்சலிலோ லெட்டர்பேடிலோ அனுப்பாதீர்கள், ஆராய்ச்சி உதவியாளரை அந்த வேலைக்கு உட்கார வைக்காதீர்கள். சொந்த நேரம், சொந்த மின்னஞ்சல்.

அடுத்தது பாதுகாப்புச் சோதனைக்கான எஸ்.எஃப்.-86 படிவம். 10 ஆண்டு முகவரிகள், 7 ஆண்டு வெளிநாட்டுப் பயணம், நெருங்கிய வெளிநாட்டுத் தொடர்புகள் எல்லாம் கேட்பார்கள். மாநாடு மாநாடாகப் போகிறவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். ஒவ்வொரு பயணத்தின் தேதியையும் அன்றன்றைக்கே குறித்து வைப்பது நல்லது. ரகசியக் கோப்பு பார்த்தவர் பிறகு அது பற்றிப் புத்தகம் எழுதினால், கைப்பிரதியை முதலில் அரசின் பார்வைக்குக் கொடுத்தாக வேண்டும். பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடும்போது அந்தத் தாமதத்தையும் கணக்கில் சேருங்கள்.

வைகைக்கரை:
குடியுரிமை இல்லாதவர்?

நெய்தல்:
ரகசிய அனுமதிக்குக் குடியுரிமை வேண்டும். பிராகில் பிறந்த ஆல்பிரைட்டும் 1957-ல் குடியுரிமை வாங்கியவர்தான். அதுவரை ஆய்வும் கற்பித்தலுமே வழி.