சீப்பு பேப்பரை இழுக்குது சரி, பேப்பர்ல தான் சார்ஜே இல்லையே?

அமராவதிக்கரை:
பொண்ணு எட்டாவது படிக்கிறா. நேத்து ராத்திரி காய்ஞ்ச தலையில சீப்பை நல்லா வாரிட்டு, கிழிச்சு வச்ச பேப்பர் துண்டுங்க கிட்ட கொண்டு போனோம், எல்லாம் டக்குனு ஒட்டிக்கிச்சு. உடனே அவ கேக்கறா, "ஒரே மாதிரி மின்னூட்டம் விலக்கும், எதிர் மின்னூட்டம் ஈர்க்கும்னு புக்குல இருக்கு, பேப்பரை நாம எதுலயும் தேய்க்கவே இல்லையே, அதுல மின்னூட்டமே கிடையாதே, அப்புறம் எப்படிப்பா ஒட்டுது?" நியாயமான கேள்வி, எனக்கு பதில் தெரியல. இன்னொண்ணு, சாக்லேட் சுத்தி வர்ற சில்வர் பேப்பரையும் துண்டாக்கி வச்சோம், அது சீப்பை தொட்ட உடனே தெறிச்சு தள்ளிப் போய் விழுது, சாதா பேப்பர் மட்டும் தொங்கிட்டே இருக்கு. புள்ளைக்கு புரியற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

பிசிக்ஸ்_டீச்சர்:
பொண்ணு சரியான இடத்துல பிடிச்சிருக்கா சார், பிளஸ் டூல கூலும் விதி கணக்கு போடுற பசங்களே இதைக் கேட்டா முழிப்பாங்க. மின்னூட்டம் இல்லன்னா பேப்பருக்குள்ள ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் இல்ல. எலக்ட்ரானும் இருக்கு, புரோட்டானும் இருக்கு, ரெண்டும் சரிசமமா இருக்கறதால வெளிய தெரியல. தலை வாரின சீப்புல எலக்ட்ரான் கூடுதலா சேர்ந்திருக்கும், அதைக் கிட்ட கொண்டு வந்ததும் பேப்பரோட ஒவ்வொரு மூலக்கூறுலயும் எலக்ட்ரான் துளியூண்டு சீப்பை விட்டுத் தள்ளி பின்பக்கமா ஒதுங்கும், அதனால சீப்பைப் பார்த்த பக்கம் பாசிட்டிவ், பின்பக்கம் நெகட்டிவ். இப்ப ஈர்ப்பும் நடக்குது, விலக்கமும் நடக்குது, ஆனா பாசிட்டிவ் பக்கம் கிட்ட இருக்கு. 1785ல பிரெஞ்சு விஞ்ஞானி கூலும் முறுக்குத் தராசு (கம்பி முறுக்கறதை வச்சு சின்ன விசையை அளக்கற கருவி) வச்சு அளந்து சொன்னது இது தான், தூரம் ரெண்டு மடங்கானா விசை நாலுல ஒரு பங்காயிடும், அதனால கிட்ட இருக்கறது ஜெயிக்கும், பேப்பர் வந்து ஒட்டும்.

சீப்புக்கு பதிலா பாசிட்டிவ் ஆன கண்ணாடித் தண்டைக் காட்டினாலும் இழுக்கத் தான் செய்யும், விலக்காது. அதனால ஒரு பொருள் இழுபடுதுங்கறதை மட்டும் வச்சு அதுல மின்னூட்டம் இருக்குன்னு சொல்லவே கூடாது, விலகினா தான் உறுதி. இதைப் பரீட்சையில கேப்பாங்க, பொண்ணு கிட்ட சொல்லி வைங்க.

சில்வர் பேப்பர் அலுமினியம், கடத்தி. சீப்பைத் தொட்டதும் எலக்ட்ரான் அதுல ஏறி துண்டு முழுக்க பரவிடும், ரெண்டும் நெகட்டிவ் ஆனதும் தெறிச்சு ஓடுது. சாதா பேப்பர் அவ்வளவு சுலபமா கடத்தாது, ஏறுறதுக்கு நேரமாகும், அதான் தொங்குது. கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க, அதுலயும் ஒண்ணு ரெண்டு தெறிக்கும்.

அமராவதிக்கரை:
ரொம்ப நன்றிங்க டீச்சர், படிச்சுக் காட்டினேன். அடுத்த கேள்வி ரெடியா வச்சிருக்கா, தேய்க்கும்போது அந்த மின்னூட்டம் புதுசா உருவாகுதா, இல்ல எங்கிருந்தாவது வருதா?

பிசிக்ஸ்_டீச்சர்:
புதுசா எதுவும் உருவாகாது சார், முடியில இருந்து சீப்புக்கு கை மாறுது. சீப்பு எவ்வளவு நெகட்டிவோ முடி அவ்வளவு பாசிட்டிவ், அதனால தான் வாரின முடி ஒண்ணை ஒண்ணு தள்ளிட்டு நட்டுக்கிட்டு நிக்குது. மின்னூட்டத்தை அளக்கற அலகுக்கும் கூலும்னு தான் பேரு, ஒரு கூலும்ல நூறு கோடியில ஒரு பங்கு மாறினாலே அது சுமார் 624 கோடி எலக்ட்ரான், அவ்வளவு போயும் முடியில எடை குறைஞ்ச மாதிரியே தெரியாது.

இதை வீட்டுலயே பார்க்கலாம். செல்லோடேப் ரெண்டு துண்டு எடுத்து டேபிள்ல பக்கத்துல பக்கத்துல ஒட்டி சரக்குனு உரிச்சு கிட்ட பிடிங்க, விலகும், ஏன்னா ரெண்டும் ஒரே மாதிரி உரிஞ்சது. அடுத்து ரெண்டு புது துண்டை ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி, மேல கீழ விரலால தடவி விட்டுட்டு வேகமா பிரிங்க, இப்ப ஈர்க்கும். ஒண்ணு இழந்ததை இன்னொண்ணு வாங்கிக்கிச்சு.

கோவை_ஸ்பின்னிங்:
நடுவுல வர்றேன்னு நினைக்காதீங்க, எங்க மில்லுல இதோட தினமும் மல்லுக்கட்டறோமுங்க. பாலியஸ்டர் ஓடுறப்ப காத்து காய்ஞ்சிருந்துச்சுன்னா பஞ்சு ரோலர்ல சுத்திக்கும், லேப்பிங்னு சொல்லுவோம், மெஷினை நிறுத்தி அறுத்து எடுக்கோணும். காட்டன்ல இவ்வளவு தொல்லை இல்ல, ஏன்னா அது சாதாரணமாவே 8.5 சதவீதம் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், பாலியஸ்டர் வெறும் 0.4 தான். அதுக்குத் தான் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட் போட்டு ஈரப்பதத்தை ஏத்தி வைக்கறோம். ஈரக்காத்து மின்சாரத்தைக் கடத்துதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது இல்லீங்க, நார் மேல மெல்லிசா ஒரு ஈரப்படலம் படியுது, அது வழியா தான் சார்ஜ் வடிஞ்சு போகுது. பாப்பாவை மழை நாள்ல ஒருக்கா, நல்ல வெயில் நாள்ல ஒருக்கா அதே சீப்புல செஞ்சு பார்க்கச் சொல்லுங்க, மழையில பேப்பர் அசையறதே கஷ்டம்.

அமராவதிக்கரை:
டேப் செஞ்சு பார்த்தோமுங்க, டேபிள்ல உரிச்சது ரெண்டும் விலகுச்சு, ஒட்டிப் பிரிச்சது ஈர்த்துச்சு. இப்ப எந்த துண்டு பாசிட்டிவ், எது நெகட்டிவ்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கேக்கறா.

பிசிக்ஸ்_டீச்சர்:
தலை வாரின சீப்பைக் கிட்ட காட்டச் சொல்லுங்க சார், எது விலகுதோ அது நெகட்டிவ்.