மஞ்சள் எச்சரிக்கை நாளில் நரி வேட்டை: என் அனுபவம்

குதிரைச் சவாரி அனுபவம் இருப்பவர்கள் இந்தத் தளத்தில் எழுதலாம் என்றார்கள், அதனால் இந்தப் பதிவு. நான் அயர்லாந்தின் கால்வே பகுதியில் நர்ஸாக வேலை செய்கிறேன். இங்கே வந்தபின்தான் சவாரி கற்றுக்கொண்டேன். வேட்டை நாய்களின் பின்னால் குதிரையில் போகும் நரி வேட்டை இங்கே இன்னும் சட்டப்படி நடக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரியிலேயே தடை வந்துவிட்டது. இதைக் கேட்டதும் சண்டைக்கு வருபவர்கள் முழுசாகப் படித்துவிட்டு வாருங்கள்.

சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை போகும், அதாவது வருஷத்தின் மோசமான வானிலை முழுக்க அதற்குள்தான். நான் போன அன்று காற்றுக்கு மஞ்சள் எச்சரிக்கை. மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் வீச்சு இருக்கலாம் என்று அர்த்தம். அதைவிடக் கடுமையான ஆரஞ்சு எச்சரிக்கை ராத்திரிக்குத்தான் என்றார்கள். வாடகைக்குக் குதிரை கொடுத்த அம்மாவுக்குப் போன் செய்து, நடக்குமா என்று கேட்டேன். சிரித்தார். "காற்றுக்கும் மழைக்கும் யாரும்மா நிறுத்துவாங்க? தரை உறைஞ்சாத்தான் நிறுத்துவாங்க." உறைந்த தரை கல் மாதிரி. அதில் குதித்து இறங்கினால் குதிரையின் கால் போய்விடும். ஈரத் தரையில் சகதிதான் தெறிக்கும்.

அவர் சொல்லிக்கொடுத்த ஒரு விஷயம் யாருக்காவது உதவும். மழையில் தோல் கையுறை வழுக்கும், நூல் கையுறைதான் கடிவாள வாரைப் பிடிக்கும். இன்னொரு ஜோடியைச் சேணத்துக்கு அடியில், வார்ப்பட்டை பக்கத்தில் செருகி வைத்துக்கொள்ள வேண்டும். குதிரையின் உடம்புச் சூட்டில் அது ஓரளவு நனையாமல் கிடக்கும். கழுத்தில் சுற்றுகிற நீள வெள்ளைத் துணியும் சும்மா அழகுக்கு இல்லை. கை உடைந்தால் தூளி கட்ட, காயம் பட்டால் கட்டுப்போட அதுதான்.

ஒரு கிராமத்துப் பப் வாசலில் கூடினோம். சின்னக் கிளாஸில் போர்ட் ஒயின் வந்தது, குதிரையில் உட்கார்ந்தபடியே குடிக்கலாம். நாய்களை எப்போதும் ஜோடிக் கணக்கில்தான் எண்ணுகிறார்கள். அன்று வந்தவை பதினைந்தரை ஜோடி, அதாவது 31. இந்த அரை எனக்கு வேடிக்கையாக இருந்தது. சாயங்காலம் வரை எல்லோரும் அதையே பேசப்போகிறார்கள் என்று அப்போது தெரியாது.

சினிமாவில் பார்க்கிற பாய்ச்சல் எல்லாம் அன்று கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் காத்திருப்பு. காரணம் காற்று. இந்த வேட்டை முழுக்கக் காதையும் மூக்கையும் நம்பித்தான் நடக்கிறது. நாய்கள் மோப்பத்தில் போகும், நாயை நடத்துபவர் ஒரு முழங்கூட இல்லாத செம்புக் கொம்பை ஊதி அவற்றோடு பேசுவார், பின்னால் வரும் நாங்கள் அந்தச் சத்தத்தை வைத்து எங்கே போகிறார்கள் என்று கண்டுபிடிப்போம். புயல் காற்றில் மூன்றுமே போச்சு. மோப்பம் தரையில் தங்காமல் பக்கவாட்டில் அடித்துக்கொண்டு போகிறது. நரி போன தடத்தை விட்டு நாய்கள் பல அடி தள்ளி ஓடுகின்றன. கொம்புச் சத்தம் காற்றின் போக்கில் நின்றால் பக்கத்தில் கேட்கும். எதிர்ப்பக்கம் நின்றால் ஒன்றுமே கேட்காது.

முதல் புதர்க்காட்டில் நரி இல்லை. பலத்த காற்றில் மரங்களின் இரைச்சல் நரிக்குப் பிடிக்காதாம், வாய்க்கால் ஓரத்தில் எங்காவது படுத்திருக்கும் என்றார் பக்கத்தில் நின்ற விவசாயி. அப்படியே ஆனது. ஒரு வாய்க்கால் ஓரத்திலிருந்து கிளம்பியது. வேகமான இரட்டைச் சத்தம் கொம்பில் அரைகுறையாகக் கேட்டதும் என் குதிரை எனக்கு முன்னாடியே கிளம்பிவிட்டது.

கால்வேயில் வேலி என்றால் கல் சுவர்தான். சாந்து இல்லாமல் அடுக்கியது, இடைவெளியில் காற்று விசில் அடிக்கும். சுவரைப் பார்த்து ஓடும்போது குதிரையின் காது முன்னால் நிமிர்ந்தால் தாண்டும் என்று புரிந்துகொள்ளலாம். என் குதிரையின் காது பின்னால் மடங்கியிருந்தது, ஆனாலும் தாண்டிவிட்டது! இறங்கும்போது மேல் கல் ஒன்று உருண்டது. நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். அதை எடுத்து அடுக்கப் பின்னால் ஆள் வருவாராம். நிலம் அடுத்தவருடையது, மாடு வெளியே போனால் அடுத்த வருஷம் உள்ளே விடமாட்டார்.

நாலைந்து சுவர் தாண்டியிருப்போம். ஆலங்கட்டி மழை பிடித்தது. அத்தனை குதிரைகளும் யாரும் சொல்லாமலே திரும்பிக் காற்றுக்குப் பின்பக்கத்தைக் காட்டி நின்றன. எவ்வளவு உதைத்தாலும் அசையவில்லை. குளிர்காலத்து முடியை வெட்டிவிட்ட குதிரை, அதற்கு என்ன தலையெழுத்து! நரி அதற்குள் ஒரு பண்ணைக்குள் புகுந்து போய்விட்டது. எனக்கு அதில் சந்தோஷம்தான், வெளியே சொல்லவில்லை.

மாஸ்டர், அதாவது வேட்டைக்குத் தலைவர், போதும் என்று முடிவெடுத்தபின்தான் அன்றைய நிஜ வேலை ஆரம்பித்தது. நீளமாக இழுத்து ஊதுகிற 'வீட்டுக்குப் போகலாம்' கொம்பு. ஊதினார், எண்ணினார், திரும்ப ஊதினார். பன்னிரண்டு ஜோடி. பிறகு பதினான்கு. பிறகு பதினைந்து. அரை மட்டும் இல்லை. நனைந்து நடுங்கிக்கொண்டு நாங்கள் நிற்கிறோம், உதவியாள் ஒருவர் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி நின்று ஊதுகிறார். நாய் எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்து, அதற்குக் காற்று வருகிற பக்கம் போய் நின்று ஊத வேண்டும், அப்போதுதான் காற்று சத்தத்தை அங்கே கொண்டுபோகும். எனக்கு அன்று முழுக்கப் பார்த்ததில் இதுதான் பெரிய வித்தை. குதிப்பதைப் பழகினால் வந்துவிடும்.

கடைசியில் நாய் ஒரு மாட்டுக் கொட்டகையில், கன்றுக்குட்டிகளோடு சுகமாகப் படுத்திருந்தது. பண்ணைக்காரர் போன் செய்து சொன்னார்.

மறுமொழி, ஊட்டியிலிருந்து:
அக்கா, கொம்பு விஷயம் படித்ததும் எங்க தாத்தா ஞாபகம். அவர் குதிரைக்காரர். வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்திலிருந்து நாய்களைக் கப்பலில் கொண்டுவந்து வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குள்ளநரியை விரட்டுவார்கள். அவர் பயந்தது மழைக்கு இல்லை, மூடுபனிக்கும் சதுப்புக்கும்தான். மேட்டில் புல் நல்லா இருக்கும், பள்ளத்தில் பச்சையாகத் தெரிகிற இடத்தில் குதிரை வயிறு வரை இறங்கிவிடும். கயிறு போட்டு இழுத்த கதையெல்லாம் சொல்வார். இப்போது அங்கே பாதி இடம் சீகை மரமும் யூகலிப்டஸும்.

மறுமொழி:
எவ்வளவு செலவு, சொல்லலாமா? அப்புறம், நரி மாட்டியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

என் பதில்:
ஊட்டித் தம்பி, தாத்தா சொன்ன கதைகளைத் தனிப் பதிவாகவே எழுதுங்கள். செலவு: குதிரை வாடகையும் அன்றைய கட்டணமும் சேர்த்து என் ஒரு வார வீட்டு வாடகைக்கு மேல். அதனால் அடிக்கடி போகிற ஆள் இல்லை நான். இரண்டாவது கேள்விக்கு: நான் இருந்த இடத்திலிருந்து ஒன்றும் தெரிந்திருக்காது, புதுசாக வருபவர்கள் எப்போதும் வெகு பின்னால்தான். தெரிகிற தூரத்தில் இருந்திருந்தால் திரும்பிப் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இப்போது செயற்கை மோப்பம் இழுத்து வைத்து அதன் பின்னால் நாய்களை விடுகிற குழுக்களும் இருக்கின்றன. அடுத்த தடவை அதில்தான் பெயர் கொடுத்திருக்கிறேன்.