துன்பப்படும் பிள்ளைகள் ஏன் வெளியே சொல்வதில்லை? செவ்வியல் கதைகளை வாசித்த அனுபவங்கள்

இழையைத் தொடங்கியவர், ஓய்வு பெற்ற தொழிலாளர் ஆய்வாளர்:

பணியில் இருந்த காலத்தில் பட்டறைகளிலும் உணவு விடுதிகளிலும் வேலை பார்த்த சிறுவர்கள் பலரை விசாரித்திருக்கிறேன். வயதைக் கேட்டால் பதினைந்து என்பார்கள், ஊரைக் கேட்டால் மாற்றிச் சொல்வார்கள், அடிப்பாரா என்று கேட்டால் முதலாளி நல்லவர் என்பார்கள். அச்சம் அதற்கு ஒரு காரணம் என்பது யாருக்கும் தெரியும். அச்சத்துக்கு அடியில் வெட்கமும் இருக்கிறது என்பதை எனக்கு உணர்த்தியவர் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்.

1824-ஆம் ஆண்டு, கடனைத் தீர்க்க முடியாத அவருடைய தந்தை லண்டனின் மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்ட சமயத்தில், பன்னிரண்டே வயதான டிக்கன்ஸ் தேம்ஸ் ஆற்றங்கரையில் எலிகள் ஓடும் ஒரு பழைய கட்டடத்தில் இயங்கிய காலணி மை ஆலைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். மைப் புட்டிகளுக்குத் தாள் மூடி, நூல் கட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டுவது வேலை. வாரக் கூலி ஆறு ஷில்லிங். நூல் கட்டும் நுணுக்கத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் பாப் ஃபேகின் என்ற அநாதைச் சிறுவன். ஒருநாள் டிக்கன்ஸுக்கு விலாவில் வலி எடுத்தபோது, அவன் வெந்நீர்ப் புட்டிகளால் ஒத்தடம் கொடுத்ததோடு, வீடு வரை கொண்டுவந்து விடுவதாகப் பிடிவாதமாக உடன் நடந்தான். தந்தை சிறையில் இருப்பதைச் சொல்ல மனம் வராத டிக்கன்ஸ், சதர்க் பாலத்தருகே யாருடையதோ ஒரு வீட்டைத் தன் வீடு என்று காட்டி அவனை அனுப்பிவிட்டார். இந்த இடத்தைப் படித்தபோது நான் விசாரித்த பிள்ளைகளின் முகங்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன. புகழின் உச்சிக்குச் சென்ற பிறகும் அவர் அந்த நாள்களைப் பற்றித் தம் பிள்ளைகளிடம் பேசவில்லை. நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம் அவர் கொடுத்திருந்த குறிப்பு, 1870-இல் அவர் மறைந்த பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது.

ஆனால் அந்த வேதனையை அவர் முன்பே ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில் இறக்கி வைத்திருந்தார். மது வணிகரின் கிடங்கில் புட்டி கழுவும் டேவிட், தான் மறைவாகத் துன்பப்பட்டதாகவும் அது வேறு யாருக்கும் தெரியாது என்றும் சொல்கிறான். ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் ஏழைகள் இல்லத்தில் இருக்கும் அநாதைச் சிறுவன் ஆலிவர் இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்கும் காட்சியை எல்லோரும் அறிவார்கள். அவன் தானாகக் கேட்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பசி பொறுக்க முடியாத பிள்ளைகள் சீட்டுப் போட்டுப் பார்த்ததில் அவன் பெயர் விழுந்தது, அதனால் எழுந்து சென்றான். அந்த ஒரு வேண்டுகோளுக்குத் தண்டனையாக அவனை இருட்டறையில் அடைக்கிறார்கள். மறுநாளே, அவனை வேலைக்கு எடுத்துக்கொள்பவருக்கு ஐந்து பவுண்டு தருவதாக வாயிலில் அறிவிப்பு ஒட்டுகிறார்கள். 1834-இல் இங்கிலாந்தில் வந்த ஏழைகள் சட்டம் உதவி கேட்பதையே அவமானமாக்கியது. அந்தக் காட்சி அதற்கு நேரடியான பதில்.

இத்தகைய நூல்களை நீங்கள் எதிர்கொண்ட அனுபவத்தைப் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

*

உறுப்பினர், அரசுப் பள்ளித் தமிழாசிரியை:

ஐயா, தாங்கள் எழுதியதைப் படித்ததும் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘வான்கா’ சிறுகதையை ஏழாம் வகுப்பில் வாசித்துக் காட்டியது நினைவுக்கு வந்தது. 1886-இல் வெளிவந்த, சில பக்கங்களே உள்ள கதை. மாஸ்கோவில் செருப்புத் தைப்பவரிடம் வேலை பழக விடப்பட்ட ஒன்பது வயது வான்கா, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் எல்லோரும் தேவாலயம் சென்ற நேரம் பார்த்து, துருப்பிடித்த பேனா முனையால் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். தொட்டிலை ஆட்டும்போது தூங்கிவிட்டதற்கு முதலாளி அடித்தது, மீனை வால்பக்கமிருந்து சுத்தம் செய்ததற்கு முதலாளியம்மா அந்த மீனின் தலையாலேயே முகத்தில் குத்தியது என எல்லாவற்றையும் எழுதிவிட்டு, என்னை வந்து அழைத்துப் போ என்று மன்றாடுகிறான். உறையின் மேல் ‘கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்கு’ என்று எழுதி, சற்று யோசித்துத் தாத்தாவின் பெயரையும் சேர்த்துத் தபால் பெட்டியில் போடுகிறான்.

தங்கள் பார்வையோடு சேர்த்து யோசித்தால், வாய் திறந்த ஒரே பிள்ளை இவன்தான்; அவன் சொன்னதோ யாரையும் சென்றடையப் போவதில்லை. என் வகுப்பில் முகவரி இல்லாத கடிதம் போகுமா, தபால்காரர் பெயரை விசாரித்துக் கொண்டுபோய்க் கொடுக்க மாட்டாரா என்று பெரிய விவாதமே நடந்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி மட்டும் பேசாமல் இருந்தாள். மணி அடித்த பிறகு என்னிடம் வந்து, “நான் இதெல்லாம் வீட்ல சொல்ல மாட்டேன் டீச்சர், அம்மா அழுவாங்க” என்றாள். எதையெல்லாம் என்று நான் அன்று உடனே கேட்கவில்லை. சில நாள்கள் பழகவிட்டுக் கேட்டேன், சொன்னாள். அதற்கு மேல் இங்கு எழுதுவது முறையாகாது.

தாகன்ரோக் ஊரில் தந்தையின் மளிகைக் கடையில் சிறுவயதிலேயே நிற்க வைக்கப்பட்டு, அடிபட்டு வளர்ந்தவர் செகாவ். அதனால்தான் அந்தக் கதையில் ஆசிரியரின் அழுகை எங்கும் கேட்பதில்லை என்று நினைக்கிறேன்.

*

உறுப்பினர், நூலகர்:

சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்த, பிரெஞ்சு எழுத்தாளர் விக்தோர் ஹ்யூகோவின் பெருநாவலை எங்கள் நூலகத்தில் எடுத்துச் செல்பவர்கள் பெரும்பாலும் கோசெத்தைப் பற்றியே பேசுகிறார்கள். தன்னைவிடப் பெரிய வாளியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் தண்ணீருக்குப் போகும் அந்தச் சிறுமியை மறக்க முடியாதுதான். எனினும் என் மனத்தில் தங்கியவன் கவ்ரோஷ். கோசெத்தை வேலைக்காரியாக வைத்துக் கொடுமைப்படுத்திய அதே தெனார்தியே தம்பதிக்குப் பிறந்து, அவர்களாலேயே தெருவில் விடப்பட்டவன் அவன். பாரிஸின் பஸ்தீல் சதுக்கத்தில் நின்ற பிரம்மாண்டமான யானைச் சிலையின் வயிற்றுக்குள் தூங்குகிறான். ஒருநாள் தெருவில் அழுதுகொண்டிருந்த இரண்டு சிறுவர்களுக்கு ரொட்டி வாங்கிக் கொடுத்து, அந்த யானைக்குள்ளேயே படுக்க இடமும் கொடுக்கிறான். அவர்கள் தன் உடன்பிறந்த தம்பிகள் என்பது அவனுக்குத் தெரியாது. கொடியவர்களின் வீட்டிலும் பிள்ளைகள்தான் முதலில் பலியாகிறார்கள் என்பதை 1862-இலேயே இவ்வளவு துணிவாகச் சொன்ன ஹ்யூகோவை நான் வணங்குகிறேன்.

ஐயா, டிக்கன்ஸிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆலிவர் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று கடைசியில் தெரியவருகிறது, அவனுக்குச் சொத்தும் கிடைக்கிறது. அப்படிப்பட்ட பிறப்பு இல்லாத பிள்ளைகளுக்கு என்ன வழி?

*

இழையைத் தொடங்கியவர்:

தங்கள் மனக்குறை எனக்கும் உண்டு. ஆனால் அதே நாவலில் டிக் என்றொரு சிறுவன் வருகிறான். ஆலிவர் ஊரைவிட்டு ஓடும்போது தாழ்வான வாயிற்கதவில் ஏறி அவனைக் கட்டிக்கொண்டு வாழ்த்தி அனுப்புகிறான். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு ஆலிவர் அவனை அழைத்துவர ஆசையோடு திரும்பிச் செல்கிறான். அதற்குள் டிக் இறந்துவிடுகிறான். கதையின் இன்பமான முடிவு ஒரு பிள்ளைக்குத்தான் கிடைத்தது என்பதை டிக்கன்ஸ் அறிந்தே எழுதியிருக்கிறார் என்று நான் கருதுகிறேன். நூலைத் திரும்ப எடுக்கும்போது அந்தப் பக்கங்களை மட்டும் நிதானமாகப் படித்துப் பார்த்து, தங்கள் கருத்து மாறினாலும் மாறாவிட்டாலும் இங்கே எழுதுங்கள்.