அப்பாவுக்கு மார்ஃபின் கொடுக்கலாமா? அண்ணன் பூட்டி வைத்துவிட்டார்

சாட்ஸ்வர்த்_மகள்: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், எலும்புக்கும் பரவிவிட்டது. இனி கீமோ வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாஸ்பிஸ் (கடைசிக் கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) சிஸ்டர் வந்து, டாக்டர் வலிக்கு எழுதிய மார்ஃபின் சிரப்பை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொன்னார். பெரியண்ணன் பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். “இது கடைசி மருந்து, கொடுத்தால் போய்விடுவார்” என்கிறார். என்ன நோய் என்று அப்பாவிடம் சொல்லவும் விடவில்லை. ராத்திரியெல்லாம் அப்பா முனகுகிறார்.

பீனிக்ஸ்_பெரியவர்: அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, தங்கச்சி. என் மைத்துனருக்கும் அந்த சிரப்தான் கொடுத்தார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை, கிளேர் எஸ்டேட் சுடுகாட்டில் நின்றோம்.

இரவுப்பணி_நர்ஸ்: ஐயா, அவருக்கு எப்போது ஆரம்பித்தார்கள்? நம் வீடுகளில் கடைசி வாரம் வரை இழுத்தடித்துவிட்டு, அப்புறம் பழியை சிரப் மேல் போடுவது வழக்கம். சின்ன அளவில் தொடங்கி, வலியைப் பார்த்து டாக்டர் ஏற்றிக்கொண்டு போனால் அது ஆயுளைக் குறைக்காது. மாதக்கணக்கில் குடித்தபடியே மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் உண்டு. முதல் சில நாள் தூக்கம் வரும், குமட்டும், பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் விடாது, அதற்கும் மருந்தை முதல் நாளே கேளுங்கள். வலி வந்தபின் கொடுக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், நேரப்படி கொடுங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் இது ஆறாம் அட்டவணை மருந்து, அதாவது கடும் கட்டுப்பாடு உள்ளது. ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாட்டில் காலியானால் வம்பு!

வெருலம்_மருமகள்: மருந்து சரி. ஹாஸ்பிஸ் என்றால் கட்டில் கொடுத்து வைத்துப் பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். இங்கே பெரும்பாலும் வீட்டுக்கு வந்து பார்ப்பதுதான். சிஸ்டர் வருவார், போவார். ராத்திரி விழித்திருப்பது யார்? மகளும் மருமகளும். சாவி வைத்திருக்கிற அண்ணன் ஒரு ராத்திரி அப்பா பக்கத்தில் படுக்கட்டும், பிறகு பேசலாம்.

பீனிக்ஸ்_பெரியவர்: குடும்பத்துக்குள் சண்டை மூட்டாதீர்கள், அம்மா. அந்தப் பிள்ளை பயத்தில் செய்கிறான். நோயின் பெயரைச் சொன்னால் மனுஷன் அன்றைக்கே பாதி உயிரை விட்டுவிடுவார்.

இரவுப்பணி_நர்ஸ்: கீமோ வார்டில் உட்கார்ந்து வந்தவருக்குத் தெரியாதென்று யார் சொன்னது? 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டப்படி நோயாளியிடம் அவர் நிலையை, முடிந்தவரை அவருக்குப் புரியும் மொழியில், மருத்துவப் பணியாளர்கள் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவருக்குக் கெடுதல் என்பதற்கு வலுவான ஆதாரம் இருந்தால்தான் விலக்கு. அண்ணனின் பயம் ஆதாரமாகாது. புத்தி தெளிவாக இருக்கும்வரை மருந்து வேண்டுமா என்று முடிவு செய்வதும் அப்பாதான். அவரை யாராவது கேட்டீர்களா? எவ்வளவு தெரிய வேண்டும் என்றே கேட்கலாம். ஒன்றும் வேண்டாமென்றால், அதுவும் அவர் உரிமை.

சாட்ஸ்வர்த்_மகள்: கேட்டேன். “வலி போனால் போதும், மற்றதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள்” என்றார். அண்ணனும் அங்கேதான் நின்றார். பூட்டைத் திறந்து பாட்டிலை வெளியே எடுத்துவிட்டார், ஆனால் அளவை அவர்தான் ஊற்றுவாராம்.

வெருலம்_மருமகள்: ஊற்றட்டும். ராத்திரி வேளையும் அவரே.

பீனிக்ஸ்_பெரியவர்: எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு வலி கூடினால் என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள் சிஸ்டர்.

இரவுப்பணி_நர்ஸ்: இடையில் வலி கிளம்பினால் எவ்வளவு கொடுப்பது என்று டாக்டரிடம் தனியாக எழுதி வாங்குங்கள். கரண்டி வேண்டாம், அளவுக்குழாயில் எடுங்கள். கொடுத்த நேரத்தை நோட்டில் எழுதுங்கள். எழுப்பினாலும் எழாமல் மூச்சு ரொம்ப மெதுவானால், அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே கூப்பிடுங்கள். இரவில் அழைக்க வேண்டிய எண்ணை சிஸ்டரிடம் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.