புதுப்பிப்பு: 'டொக் டொக்' சத்தம் பிடிபட்டது

கார் மெதுவாகப் போகும்போது முன் இடது சக்கரத்தில் 'டொக் டொக்' என்று கேட்கிறது, ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஆள் அது இல்லை, ஸ்டெபிலைசர் லிங்க்: வளைவில் வண்டி அதிகம் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் சின்னக் கம்பி.

துப்பு கொடுத்தது வேகத்தடை. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் சத்தமே இல்லை. ஒன்று மட்டும் பள்ளத்தில் இறங்கினால் டொக். அப்போதுதான் இடது வலது இரண்டையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளும், லிங்கில் பாரம் விழும். மெக்கானிக் அண்ணன் அடியில் கைவிட்டு அசைத்தார், லொடலொடவென்று ஆடியது. லிங்க் முனையில் இருக்கும் உருண்டை மூட்டின் (பால் ஜாயின்ட்) ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண்.

இரண்டு பக்கமும் புதிது போட்டாயிற்று. இதற்கு வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிசெய்வது) தேவையில்லை, பில்லில் சேர்த்தால் ஏன் என்று கேளுங்கள். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இல்லை, அதைத் தொடவில்லை. இப்போது டாஷ்போர்டு கிறீச்சிடுவது காதில் விழுகிறது, அது வேறு கதை.