காரீயப் பெட்ரோல்: கீஹோவை வில்லனாக்குவது நியாயமா?

முகிலன்:
காரீயப் பெட்ரோல் பற்றி எழுதுகிற எல்லோரும் அதை எதிர்த்த தொழில்நோய் மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டனை நாயகி ஆக்கி, கம்பெனிகள் தரப்பு மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் கீஹோவை வில்லன் ஆக்கிவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி பேவே ஆலையில் பெட்ரோலில் கலக்கும் காரீயச் சேர்மமான டெட்ரா எத்தில் லெட் உடம்பில் ஏறி 5 பேர் புத்தி பேதலித்துச் செத்தார்கள். அதையே தயாரித்த டீப்வாட்டர் ஆலைக்குப் 'பட்டாம்பூச்சி மாளிகை' என்றே பெயர். தொழிலாளர்கள் இல்லாத பூச்சிகளைக் காற்றில் விரட்டிக்கொண்டிருந்தார்களாம். அப்படிப்பட்ட இடங்களில் பாதுகாப்பு முறைகளைக் கொண்டுவந்து, சிறுநீரிலும் ரத்தத்திலும் காரீயத்தை வருடக்கணக்கில் அளந்தவர் கீஹோ. இந்தக் கலவை ஆபத்தானதா என்று விவாதித்த 1925 மாநாட்டில் ஹாமில்டன் கையில் என்ன இருந்தது? காரீயம் உள்ள இடத்தில் எவ்வளவு கண்காணித்தாலும் என்றாவது நஞ்சேறும் என்ற அனுபவப் பேச்சு மட்டும்தானே?

தேன்மொழி:
'மட்டும்தானே' என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்த அனுபவம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1910இல் இலினாயில் தொழில்நோய்க் கணக்கெடுப்பு. குளியல் தொட்டிக்கு எனாமல் பூசும் ஒருவர் காரீய நஞ்சால் மணிக்கட்டு தொங்கிப்போய் மருத்துவமனையில் கிடக்கிறார். ஹாமில்டன் ஆலைக்குப் போனால் "இங்கே காரீயமே கிடையாது" என்கிறார்கள். அவர் விடவில்லை. தொழிலாளியின் வீட்டுக்கே போய்க் கேட்கிறார். தனக்குக் காட்டியது கடைசிக்கட்ட மெருகு வேலை என்பதும், பழுக்கக் காய்ந்த தொட்டிமேல் எனாமல் பொடி தூவுவது வேறோர் இடத்தில் நடக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிகிறது. அந்தப் பொடியைச் சோதித்தால் 20 சதவீதம் கரையும் காரீயம். ஆலைக்காரர் காட்டிய இடத்தை மட்டும் அளந்திருந்தால் விடை பூஜ்யம்தான்.

பட்டறைக்காரன்:
நான் ஆலைப் பாதுகாப்புப் பிரிவில் குப்பை கொட்டியவன். முகிலன் சொல்வதில் பாதி உண்மை. "ஒருநாள் நஞ்சேறும்" என்று போய்ச் சொன்னால் எந்த மேலாளரும் இயந்திரத்தை நிறுத்த மாட்டார். காற்றில் எவ்வளவு, ரத்தத்தில் எவ்வளவு என்று எண்ணைக் கேட்பார். அந்த எண் கீஹோ வகையறா தந்ததுதான்.

தேன்மொழி:
அண்ணா, அந்த எண்ணை எதோடு ஒப்பிட்டார் என்பதுதான் என் கேள்வி. டேட்டன் ஆலையில் டெட்ரா எத்தில் லெட்டைத் தொடுபவர்களையும் தொடாதவர்களையும் ஒப்பிட்டார். இரண்டாவது கூட்டமும் அதே ஆலையில்தான் வேலை செய்தது! அவர்கள் உடம்பிலும் காரீயம் இருந்தது. அதைப் பார்த்து "மனித உடம்பில் காரீயம் இருப்பது இயல்பு" என்று முடிவு கட்டினார். பூமியின் வயதைக் கணக்கிட்ட கிளேர் பேட்டர்சன் 1965இல் வந்துதான் சாதாரண அமெரிக்கர் உடம்பில் இருப்பது இயற்கை அளவைப்போல் சுமார் 100 மடங்கு என்று காட்டினார். எல்லோரிடமும் இருப்பது வேறு, இயற்கையாக இருப்பது வேறு. கீஹோ இரண்டையும் ஒன்றாக்கி, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 80 மைக்ரோகிராம் வரை பயமில்லை என்றார்.

முகிலன்:
ஒப்பீட்டில் தவறியது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தடை செய்யப் போதிய காரணமில்லை என்று அமெரிக்க சர்ஜன் ஜெனரல் (அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவர்) அமைத்த குழுவும் 1926இல் சொன்னதே! அன்றைய கருவிகள் அவ்வளவுதான். பேட்டர்சன் மாதிரி தூசியே இல்லாத ஆய்வகம் அப்போது யாரிடம் இருந்தது?

தேன்மொழி:
யாரிடமும் இல்லை, சரி. அப்படியானால் சந்தேகத்தின் பலன் யாருக்குப் போயிருக்க வேண்டும்? கெடுதல் நிரூபணமானால் நிறுத்துகிறோம் என்பது கீஹோவின் நிலை. அடுத்த 40 வருடம் இந்தத் துறையில் பெரிய ஆய்வெல்லாம் அவர் நடத்திய கெட்டரிங் ஆய்வகத்தில். அதற்குப் பணம் தந்தது அந்தக் கலவையை விற்ற கம்பெனிகள். நிரூபிக்க வேறு ஆள் எங்கிருந்து வருவார்?

பட்டறைக்காரன்:
இங்கே நான் கட்சி மாறுகிறேன். தொழிலாளி ரத்தத்தில் காரீயம் அதே அளவையில் 60ஐத் தொட்டால் அந்த வேலையிலிருந்து மாற்ற வேண்டும் என்பது 1978இல் அமெரிக்கா கொண்டுவந்த விதி. அதே நாட்டில் குழந்தைகளுக்கு 2021 முதல் 3.5 வந்தாலே கவனிக்கச் சொல்கிறார்கள். அந்த 60இல் கீஹோவின் வாடை அடிக்கிறது.

முகிலன்:
ஒரு திருத்தம். 3.5 பாதுகாப்பு வரம்பு இல்லை. 1 முதல் 5 வயதுக் குழந்தைகளில் அதிகம் உள்ள 2.5 சதவீதம் பேரைப் பிரித்துக் காட்டும் எண். இரண்டையும் அருகருகே வைப்பது முறையல்ல. 60க்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.