புதுப்பிப்பு: டியூட்டி மாறும்போது தகவல் விட்டுப்போவது – எது கைகொடுத்தது

அம்பாசமுத்திரம் பக்கம் எங்க ஆஸ்பத்திரியில டாக்டர், நர்ஸ், லேப் ஆளுக்கொரு திசை. குழுப் பயிற்சியாளர் வச்சா சரியாகுமான்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வகுப்பு வேண்டாம், வார்டிலயே நின்னு கவனிக்கிற ஆளைப் பிடிங்கன்னு ஒரு அண்ணாச்சி சொன்னதுதான் பலிச்சது. வந்தவர் பாடமே நடத்தல. டியூட்டி மாறி முடிஞ்சதும், "இப்ப எது விட்டுப்போச்சு?"ன்னு கேட்பார், அவ்வளவுதான். பதிலை நாங்கதான் தேடணும். அப்படித்தான் எஸ்பார் (SBAR), அதாவது நோயாளி பத்தின தகவலை நாலு படியா வரிசையா சொல்ற முறை, எங்ககிட்ட ஒட்டுச்சு: நிலைமை, பின்னணி, கணிப்பு, செய்ய வேண்டியது. (அமெரிக்கக் கடற்படையில பிறந்த முறை.) இப்ப நர்ஸ் டாக்டருக்குப் போன்ல சொல்றது இப்படி: "அஞ்சாம் பெட் தாத்தாவுக்கு மூச்சு வாங்குது, நேத்து நிமோனியான்னு சேர்த்தது, ஆக்சிஜன் 88, மோசமாகுதுன்னு தோணுது, உடனே வாங்க சார்." போன் முடிஞ்சது.

எதிர்பாராதது, முதல்ல வாயைத் திறந்தது துப்புரவு அக்கா. "டிரிப்ஸ் தீந்து நிக்கத பாத்தாலும் யார்ட்ட சொல்லன்னு தெரியலல்லா!" இப்ப காலைக் கூட்டத்துல அவங்களும் உண்டு. சீனியர் டாக்டர் ஒருத்தர் மட்டும் இன்னும் வழிக்கு வரல.